முப்பத்தொரு பாட்டில் ஆயில்

என் அக்கா வீட்டுக்காரர் மனிதர்கள் சொல்வதை நம்ப மாட்டார். மூடி போட்ட பாட்டிலில் எதையாவது அடைத்து, மேலே தேதியும் கீழே அளவும் எழுதிக் கொடுத்தால் உடனே நம்பிவிடுவார். இருபத்தாறு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர் வேறு எப்படி இருப்பார்? தெருவில் அவருக்கு 'ரிசல்ட் சார்' என்று பெயர். பாதித் தெருவின் சர்க்கரையும் மீதித் தெருவின் கொழுப்பும் அவருக்கு மனப்பாடம். எதிரே வருகிறவர் கையில் பேக்கரிப் பொட்டலம் இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். அவரைக் கண்டால் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிற பெரிய மனிதர்கள் எங்கள் தெருவில் நிறைய.

அவர் வேலையில் அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. இருபத்தாறு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட்கூடத் தவறாகப் போனதில்லை. "மெஷின் பொய் சொல்லாது மாப்ள. மாதிரி எடுக்கிற விதம்தான் முக்கியம். அது தப்பாப் போச்சுன்னா அதுக்கப்புறம் எவ்வளவு பெரிய மெஷின் வந்தாலும் சொல்றது எல்லாம் பொய்" என்பார். இதை என்னிடம் மட்டும் இருநூறு தடவையாவது சொல்லியிருப்பார். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். என் தொழிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டுவேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு ஆயிற்றே.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு டர்போ கார் அகப்பட்டது. நீலக் கலர், இரண்டாம் கை. அக்காள் பார்த்தது கலரை. அத்தான் பார்த்தது டர்போ என்று பின்னால் ஒட்டியிருந்த எழுத்தை. "சாதா எஞ்சின் மூச்சு விடும். இது மூச்சை அழுத்திப் பிடிச்சு உள்ள தள்ளும். நுரையீரல் ரெண்டு இருக்கிற மாதிரி" என்று எனக்குப் பாடம் நடத்தினார். எனக்கு ஏற்கெனவே இரண்டு நுரையீரல் இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அக்காள் முறைத்ததால் விழுங்கிவிட்டேன்.

காரை முதலிலிருந்து பார்த்து வந்தவர் மெக்கானிக் 'பத்து நிமிஷம்'. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், எஞ்சினையே கழற்ற வேண்டிய வேலையாக இருந்தாலும், "பத்து நிமிஷம் உக்காருங்க" என்பார். பத்து நிமிஷம் என்றால் சாயங்காலம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் வேலை சுத்தமாக இருக்கும். அத்தானும் அவரும் பழைய வாடகை வீட்டில் மேலும் கீழுமாக ஒன்பது வருஷம் குடியிருந்தவர்கள். அக்காளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, யாரோ ஒருவருடைய வண்டியை ரிப்பேருக்கு விட்டிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் பத்து நிமிஷம்தான். அன்றைக்கு மட்டும் உண்மையாகவே பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அக்காள் சொல்வாள்.

பிறகு அத்தான் சொந்த வீடு கட்டினார். வீடு கட்டும்போது அக்காள் மேஸ்திரியைப் படுத்தியது ஒன்றே ஒன்றுக்குத்தான். கார் நிற்கிற போர்ட்டிகோவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கக் கூடாது. வாளித் தண்ணீரை வீட்டு வாசலில் கொட்டினால் துடைப்பம் தொடாமல் கேட்டைத் தாண்டி ஓட வேண்டும். மேஸ்திரி சரிவு கொடுத்தார். அக்காள் வாளியோடு வந்து கொட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் கொடுத்தார். கடைசியில் தண்ணீர் அருவியாகப் போயிற்று. அக்காளுக்கு அந்தத் தளத்தைப் பற்றி அவ்வளவு பெருமை. நீலக் கார் தினமும் அதில் ஏறி, வீட்டைப் பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

புது வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம் இருக்கும். காருக்கு சர்வீஸ் செய்யும்போது, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற ரப்பர்க் குழாயைக் கழற்றினார் பத்து நிமிஷம். உள்ளே கறுப்பாக ஆயில் வழிந்துகொண்டிருந்தது. அத்தான் முகம் வெளுத்துவிட்டது.

"மூச்சுக் குழாய்ல எப்படி அண்ணே எண்ணெய்?"

"எஞ்சினுக்குள்ள சூட்டுல ஆயில் ஆவியாகும் சார். அந்த ஆவி வெளிய போக ஒரு சின்ன வழி வச்சிருக்கான். அதுவழியா மேல வந்து டர்போ உறிஞ்சுற காத்தோட கலந்துரும். கொஞ்சம் படியறது சகஜம். இது கொஞ்சம் ஜாஸ்திதான். சுத்தம் பண்ணி, நடுவுல ஒரு டப்பா வச்சுத் தர்றேன். ஆவி டப்பாக்குள்ள போய் ஆயிலா அடியில தங்கிரும். வாரத்துக்கு ஒருதரம் அடியில திருகைத் திறந்து வடிச்சிருங்க."

டப்பா வைத்தார். வேறு யாராக இருந்தாலும் வடித்ததைப் பழைய டின்னில் ஊற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அத்தான் பரிசோதனைக் கூடத்திலிருந்து மூடி போட்ட பாட்டில்களோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கையில் ரப்பர் உறை. டப்பாவிலிருந்து ஆயிலை வடித்து, லேபிள் ஒட்டி, தேதி, நேரம், அளவு, நிறம் எல்லாம் எழுதுவார். 'நோயாளி' என்ற இடத்தில் கார் நம்பர். அடுத்தது டிப்ஸ்டிக், அதாவது எஞ்சினில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று பார்க்கிற நீளக் கம்பி. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல்கோடு வரைக்கும் இருந்தால் நிறைவு. கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பின்னே, குழாய் வழியாகத்தான் ஒழுகிப் போகிறதே. மேல்கோடு வரும் வரை புது ஆயில் ஊற்றி நிரப்புவார். இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடைக்கு ஞாயிறு விடுமுறை விட்டது என் வாழ்நாளில் நான் செய்த பெரிய தப்பு.

நாளாக நாளாக டப்பாவில் ஆயில் குறையவில்லை, கூடிற்று. காரின் பின்னால் நீலப் புகை வேறு வர ஆரம்பித்தது. அத்தான் தெருவில் திரும்பினால், கொசு மருந்து வண்டி வருகிறது என்று ஜன்னலைச் சாத்துகிறவர்கள் இருந்தார்கள். மறுபடி பத்து நிமிஷத்திடம் போனோம். ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி வாக்கில், பட்டறையில் நாலைந்து பேர் தங்கள் பத்து நிமிஷத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவர் கம்பியை உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், ஆயில் அளவுக்கு மேல இருக்கு. ஒரு லிட்டருக்கும் மேல. அதான் எல்லாத்தையும் மேல தள்ளுது."

அத்தானுக்குச் சுருக்கென்றது. வாராவாரம் காலை ஏழு மணிக்கு ரப்பர் உறை போட்டு அளக்கிறவரிடம் போய் அளவு தப்பு என்றால்?

"நீங்க எப்ப எடுத்தீங்க அண்ணே மாதிரி? வண்டி இப்பத்தான் ஓடி வந்து நிக்குது. மாடிப்படி ஏறி வந்தவனுக்கு உடனே பிரஷர் பாத்தா சரியா இருக்குமா? நான் ராத்திரி பூரா ஓய்வுல இருந்த வண்டிக்கு எடுக்கிறேன். வெறும் வயித்துல எடுக்கிற மாதிரி."

"கால் மணி நேரம் நின்னுருச்சு சார் வண்டி."

"அளக்கிறதுன்னா என்னன்னு எனக்குச் சொல்லித் தராதீங்க. இருபத்தாறு வருஷமா அதுதான் என் பொழப்பு."

காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாதிரி எப்படி எடுக்க வேண்டும், எத்தனை முறை எடுக்க வேண்டும், எடுக்கிறவன் கை எப்படி இருக்க வேண்டும் என்று அத்தான் ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். தன் கையை ஒரு தடவை பார்த்தார் பத்து நிமிஷம். அதில் கிரீஸ் இருந்தது. "நான் பாத்தது பாத்ததுதான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடுதலான ஆயிலை வடித்தெடுத்துக் காரை அனுப்பினார்.

மறுநாள் ஞாயிறு. போர்ட்டிகோவில் கம்பியை உருவினார் அத்தான். ஆயில் கீழ்க்கோட்டையும் தொடவில்லை.

"பாத்தியா மாப்ள? ஒரு லிட்டரைக் காணோம். எடுத்து வச்சுக்கிட்டாரு."

நான் டார்ச் பிடித்துக்கொண்டு இருந்தேன். கம்பியை நானும் பார்த்தேன். கண் விஷயத்தில் ஊருக்கே யோசனை சொல்கிற எனக்கும் அது குறைவாகத்தான் தெரிந்தது. அத்தான் ஒரு லிட்டர் ஊற்றி மேல்கோடு வரை நிரப்பினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேட்டருகே நின்ற எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டர் அம்மாவிடம், "பட்டறையில வண்டியை விட்டா ஆயிலை எடுத்துக்கிட்டு அளவு சரின்னு சொல்றாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. கையில் வந்ததை உரிய விலாசத்தில் சேர்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மத்தியானத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சொன்னவர் ரிசல்ட் சார் என்பதால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவர் சொன்ன சர்க்கரையை நம்பினவர்கள், ஆயிலை நம்ப மாட்டார்களா? எங்கள் தெரு வண்டிகள் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போக ஆரம்பித்தன.

இடையில் ஒரு நாள் என் கடைக்கு வந்தார் பத்து நிமிஷம். கண்ணாடிக் காது வளைந்து போயிருந்தது. நான் பேச்சுக் கொடுக்காமல் நிமிர்த்திக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று, "வண்டி இன்னும் புகை விடுதா?" என்று கேட்டார். "அது உங்களுக்கு எதுக்கு?" என்றேன் நான். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு என்மேல் எரிச்சலாக வருகிறது.

ஐந்து மாதம் ஓடிற்று. ஞாயிறு தவறாமல் வடித்தோம், ஒட்டினோம், அளந்தோம், நிரப்பினோம். பாட்டில்கள் செருப்பு அலமாரியில் முதல் தட்டை நிரப்பி, இரண்டாம் தட்டையும் நிரப்பின. ஒரு சனிக்கிழமை அதில் ஒன்று கசிந்து, அக்காள் கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற செருப்புக்குள் இறங்கியது. மறுநாள் காலை நான் போனபோது முப்பது பாட்டிலும் வீட்டுக்கு வெளியே வந்திருந்தன.

"ஒண்ணு இந்த ஆயில் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் அக்காள்.

அத்தான் பதில் சொல்லவில்லை. யோசிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அக்காளுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும், கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு வடித்த முப்பத்தோராவது பாட்டிலையும் சேர்த்து, காருக்குப் பக்கத்தில் தரையில் தேதிவாரியாக வரிசையாக அடுக்கினார். குந்தி உட்கார்ந்து லேபிள்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், பத்தாவது பாட்டிலில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கடைக் கண்ணாடிதான், அதில் ஒரு குறையும் கிடையாது. மறுபடி பார்த்தார். பிறகு தரையோடு தரையாகப் படுத்து, கன்னத்தைச் சிமென்டில் வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, இங்க வா. கோட்டைப் பாரு."

அந்தப் பாட்டில்களில் அளவுக்காகச் சுற்றிலும் கோடு போட்டிருக்கும். நானும் குனிந்து பார்த்தேன். ஆயில் கோட்டோடு ஒட்டி நிற்கவில்லை. வீட்டுப் பக்கம் கோட்டுக்குக் கீழே இறங்கி, கேட் பக்கம் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. பக்கத்துப் பாட்டிலிலும் அப்படியே. முப்பத்தொரு பாட்டிலும் அக்காள் போட்ட சரிவைச் சொல்லிவைத்தாற்போல் காட்டிக்கொண்டு நின்றன.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவருக்கு அந்த ஒரு நிமிஷம் தேவைப்படவில்லை. எழுந்து காரின் மூக்கைப் பார்த்தார். ஆயில் பார்க்கிற கம்பி எஞ்சினின் முன் பக்கம் இருக்கிறது. மூக்கு மேலே தூக்கி நின்றால் உள்ளே இருக்கிற ஆயில் எல்லாம் பின்பக்கம் போய்விடும். முன்னால் இருக்கிற கம்பிக்குக் குறைவாகத்தான் எட்டும். எவ்வளவு ஊற்றினாலும் குறைவாகத்தான் எட்டும். ஊற்றியது கூடினால் எஞ்சின் மூச்சுக் குழாயில்தான் கக்கும். கக்கினதை இவர் பாட்டிலில் பிடித்து, ஆயில் குறைந்துவிட்டதே என்று மறுபடி ஊற்றுவார்.

"கேட்டைத் திற" என்றார்.

எஞ்சினைப் போடாமல் பிரேக்கை மட்டும் விட்டார். கார் தானாகவே உருண்டு தெருவுக்குப் போயிற்று. அக்காள் போட்ட சரிவு முதல் தடவையாக உதவியது. ரோட்டில் ஒரு பாட்டிலை வைத்துப் பார்த்தார். ஆயில் கோட்டோடு கோடாக நின்றது. அதற்கப்புறம்தான் கம்பியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி உருவினார். மூன்றாவது தடவை என் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஏறி இருந்தது.

"அவரு சொன்னது சரி" என்றேன்.

அத்தான் போர்ட்டிகோ விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "வர்றவன் போறவனுக்கெல்லாம் மாதிரி எடுக்கிற விதம் முக்கியம்னு சொல்வேன் மாப்ள. நான் எடுத்த விதம் தப்பு. ஒருதரம் இல்ல, முப்பத்தொரு தரம். அத வச்சு ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டேன்." அவர் குரல் கம்மியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அக்காள் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். "அப்ப இவ்வளவுக்கும் காரணம் என் தளமா?" என்றாள். "இல்ல, தளம் சரியாத்தான் இருக்கு" என்றார் அத்தான். அந்த வருஷம் முழுவதிலும் அவர் அவளிடம் சொன்ன மிகப் புத்திசாலித்தனமான வார்த்தை அது.

போனில் பேசிவிடுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். தவறான ரிப்போர்ட் வெளியே போய்விட்டால் பழையதை அடித்துத் திருத்தவோ கிழித்துப் போடவோ கூடாது. புதிதாக எழுதி, பிழை எது, ஏன் வந்தது, செய்தது யார் என்று போட்டு, செய்தவனே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பழையது எத்தனை பேர் கைக்குப் போனதோ அத்தனை பேருக்கும் புதியது போக வேண்டும். மற்றவர்கள் செய்த பிழைக்கு அவரே நின்று இதை எழுத வைத்திருக்கிறார். தனக்காக எழுதியதில்லை. அந்த வாரம் முழுக்க எழுதி எழுதிக் கிழித்தார். காரை மட்டும் எடுக்கவே இல்லை. "தெரிஞ்சப்புறம் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்று தினமும் பஸ்ஸில் போனார்.

சனிக்கிழமை வந்தது. எந்த நேரத்தில் அவமானப்படுத்தினாரோ அந்த நேரத்தில்தான் போக வேண்டும் என்றார். அப்படியானால் கார்? தள்ள வேண்டும். யார் தள்ளுவது என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. அவர் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஒரு தோளைக் கொடுக்க, பின்னால் மொத்தப் பாரமும் என் தலையில். பட்டறை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தள்ளிப் பார்த்தால்தான் தெரியும், அது வேறு ஊர்.

முதல் பத்தடியிலேயே போஸ்ட்மாஸ்டர் அம்மா வந்துவிட்டார்.

"வண்டி ரிப்பேரா சார்?"

"இல்லம்மா. நான்தான் ரிப்பேர்" என்று ஒரு தாளை நீட்டினார் அத்தான். அந்த அம்மா நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை அத்தானைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் சொன்னதை நீங்க எத்தனை வீட்டுலம்மா சொன்னீங்க?"

அவர் கூச்சப்படவே இல்லை. "பதினாலு" என்றார்.

அத்தான் பையிலிருந்து அதே தாளின் பிரதிக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுல இருபது இருக்கு."

"மத்தியானத்துக்குள்ள போயிரும்" என்றார் அந்த அம்மா. போகும் என்பதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை.

பட்டறைக்குப் போனபோது எனக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது. முன்பெல்லாம் சனிக்கிழமை நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு பெஞ்சில் இரண்டே பேர். பத்து நிமிஷம் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது.

"அண்ணே" என்றார் அத்தான்.

"பத்து நிமிஷம்" என்றது வேனுக்கு அடியிலிருந்து குரல். அப்புறம் அந்தக் குரல் யாருடையது என்று உறைத்திருக்க வேண்டும். கால்கள் ஆடாமல் நின்றன.

பத்து நிமிஷம் என்றால் சாயங்காலம் என்று அத்தானுக்கும் தெரியும். தாளைப் பிரித்து, கால்களைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"திருத்திய அறிக்கை. நோயாளி, நீல நிறக் கார். முன்பு சொன்ன முடிவு, பட்டறையில் ஆயில் எடுக்கப்பட்டது, அளவு குறைந்தது. திருத்திய முடிவு, ஆயில் அளவுக்கு மேல் இருந்தது, மெக்கானிக் சொன்னது முழுக்கச் சரி. குழாயில் ஆயில் சேர்ந்ததற்குக் காரணம், மேற்படி காரின் சொந்தக்காரர் வாராவாரம் கூடுதலாக ஊற்றியது. பிழைக்குக் காரணம், சரிவான தரையில் மாதிரி எடுத்தது. மாதிரி எடுத்த விதம், தவறு. பிழை செய்தவர், கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர்." கொஞ்சம் நிறுத்தினார். அடுத்தது தாளில் இல்லை. "என்னை மன்னிச்சிருங்க அண்ணே."

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி கால்களைப் பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். பிறகு வேனுக்கு அடியிலிருந்து சறுக்கி வெளியே வந்தார் பத்து நிமிஷம். எழுந்து நின்றார். தாளை வாங்க நீட்டிய கையைப் பாதியில் இழுத்து, பேண்டில் நாலு தடவை துடைத்துவிட்டு வாங்கினார். நிதானமாகப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏன் தள்ளிக்கிட்டு வந்தீங்க? இந்த வெயில்ல" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். பழைய டயர்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. அதற்குள் கறுப்பாக ஆயில். பாட்டில் மேல் ஒரு டேப் ஒட்டி, அதில் கோணல் மாணலாகத் தேதியும் கார் நம்பரும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ஒரு லிட்டர் நூறு மில்லி.

"அன்னிக்கு உங்க வண்டியில வடிச்சது சார். நீங்க கேட்டா குடுக்கணுமேன்னு எடுத்து வச்சேன். நீங்க பண்ற மாதிரியே எழுதி வச்சேன்."

அத்தான் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இத வச்சுக்கிட்டா அண்ணே அஞ்சு மாசம் சும்மா இருந்தீங்க? தெருவுக்குக் கொண்டுவந்து ஒருதரம் காட்டியிருந்தா அன்னிக்கே என் வாய் மூடியிருக்குமே."

"காட்டியிருக்கலாம்" என்றார் பத்து நிமிஷம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிசல்ட் சாருக்கு அளக்கத் தெரியலன்னு தெருவுல பேச்சு வரும். அப்புறம் உங்க கிட்ட யார் நம்பி ரத்தம் குடுப்பாங்க? நீங்க சொல்ற கணக்கைப் பாத்துத்தான் என் வீட்டுக்காரி மாத்திரையே போடுறா. எனக்கு நாலு வண்டி வரல, அவ்வளவுதானே."

வேனுக்குச் சொந்தக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் வெளியே ரோட்டைப் பார்த்தேன். என் கடை வாசலில் நின்று அவர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

அத்தான் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. லேபிளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம் எங்கே போகும்?

"நேரம் எழுதல அண்ணே" என்றார்.

கொஞ்சம் யோசித்துச் சொன்னார் பத்து நிமிஷம். "பதினொண்ணேகால் இருக்கும் சார்."

அத்தான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பாட்டிலைக் காரின் மேல் வைத்துக்கொண்டு, தேதிக்குப் பக்கத்தில் பதினொன்றேகால் என்று எழுதினார். அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் இன்னொரு வரியும் எழுதி, கையெழுத்துப் போட்டு, பாட்டிலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மாதிரி எடுத்த விதம், சரி.